எரிக் பி - ராகிம் முதல் ஆல்பம்: அப்படி என்ன விசேஷம்?

மொட்டைமாடி: அமெரிக்க ராப் ஜோடி எரிக் பி - ராகிமின் 1987ல் வந்த 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தை நேற்றுதான் முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? பத்து டிராக்கில் மூன்றில் ராப்பே இல்லை, வெறும் பீட்டும், ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஸ்க்ராட்ச்சிங்கும்தான்.

டீக்கடை: அதற்கு முந்தைய ராப்பைக் கேட்டுவிட்டு வாருங்கள். பெரும்பாலும் உரத்த குரல், வரியின் கடைசியில் மட்டும் இயைபு. ராகிம் கத்தவே மாட்டார், வரிக்கு நடுவிலும் இயைபு வைப்பார், இங்கே தொடங்கின வாக்கியத்தை அடுத்த வரிக்குள் கொண்டுபோய் முடிப்பார். சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் ரசிகர், அந்த ஜாஸ் நடை பேச்சிலேயே தெரியும். அப்போது வயது 19தான்!

ரெக்கார்டு_பைத்தியம்: டைட்டில் பாட்டில் இருப்பதே ஒரு சரணம். பையில் கைவிட்டால் பஞ்சுத் தூசு, பழைய வழிப்பறி நினைப்பு, அப்புறம் ஒழுங்கான வேலை தேடலாம் என்ற முடிவு. அவ்வளவுதான் கதை. ஆமாம், நீங்கள் கேட்டது அசல்தானே? இஸ்ரேலியப் பாடகி ஒஃப்ரா ஹாசா குரல் வந்தால் அது லண்டன் இரட்டையர் கோல்ட்கட் செய்த ரீமிக்ஸ்.

மொட்டைமாடி: அட, அந்தப் பெண் குரல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது! சரி, அசலைத் தேடுகிறேன். ஆனால் அந்த மூன்று டிராக்?

டீக்கடை: எரிக் பி டிஜே, அதாவது ரெக்கார்டுகளை வைத்து இசை போடுபவர் அல்லவா, பெயரும் முதலில் அவருடையது. அவருக்கும் பங்கு வேண்டாமா? நானும் தாண்டித்தான் போவேன், அது வேறு விஷயம்.