விண்டோஸ் 11 கணினியில் என் நிரல் ‘10’ என்று எழுதுகிறது, பிழை எங்கே?

ஆய்வகப் பொறுப்பாளர்:
வணக்கம். ஒரு கல்லூரியில் மூன்று கணினி ஆய்வகங்களைக் கவனித்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இனி எந்தெந்தக் கணினிகளை மாற்ற வேண்டும் என்று முதல்வர் பட்டியல் கேட்டிருக்கிறார். மொத்தம் 112 கணினிகள்: 92 விண்டோஸ், 16 லினக்ஸ், 4 மேக். ஒவ்வொன்றின் இயங்குதளப் பதிப்பையும் எழுதித் தர, எல்லாவற்றிலும் ஓடும்படி ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதினேன்.

விண்டோஸ் 7 கணினிகள் ஆறு இருப்பதால் பைத்தான் 3.8-ஐ விட்டு மேலே போக முடியவில்லை. அந்த ஆறைத் தவிர ஏறக்குறைய எல்லா விண்டோஸும் ‘10’ என்றே வருகின்றன. நாற்பது கணினிகளில் விண்டோஸ் 11-ஐ நிறுவியவள் நானே! விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புராடக்ட்நேம் என்ற பதிவைப் பார்த்தேன். அங்கும் ‘விண்டோஸ் 10 புரோ’. ஒரு மேக் 10.16 என்கிறது. அப்படியொரு பதிப்பு வெளிவரவே இல்லையே?

நிறுவிநிரல் எழுதுபவன்:
விண்டோஸ் 11-இன் உள் எண் இன்றும் 10.0 தான். வேறுபாடு பில்டு எண்ணில், அதாவது பதிப்புக்குள் வரும் நுணுக்கமான வெளியீட்டு எண்ணில், இருக்கிறது: 22000-உம் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11. பைத்தானின் சிஸ் தொகுதியில் உள்ள கெட்விண்டோஸ்வெர்ஷன் என்ற செயற்கூறு அதைத் தரும். புராடக்ட்நேமை நம்பாதீர்கள்.

இதில் நான் ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன். என் சி++ நிறுவிநிரல் விண்டோஸ் 8.1-ஐ 6.2, அதாவது விண்டோஸ் 8, என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பதிப்பு எண்ணைச் சொல்லும் விண்டோஸின் கெட்வெர்ஷன்எக்ஸ் செயற்கூறு 8.1 முதல் இப்படித்தான்: புதிய பதிப்பை அறிவேன் என்று நிரல் தன் மேனிஃபெஸ்ட் கோப்பில் அறிவிக்காவிட்டால் பழைய எண்ணையே கொடுக்கும். தெரியாத எண்ணைக் கண்டதும் ஓட மறுக்கும் பழைய நிரல்களைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. காரணம் புரிந்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது.

ஒன்று மறவாதீர்கள். விண்டோஸ் சர்வர் 2025-இன் பில்டு 26100. பில்டை மட்டும் பார்த்தால் அதுவும் விண்டோஸ் 11 ஆகிவிடும். அதே கெட்விண்டோஸ்வெர்ஷன் தரும் புராடக்ட் டைப் 1 என்றால்தான் மேசைக்கணினி.

மேக் பயனர்:
10.16-உம் அதே கதைதான். 2020-இல் மேக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்பில் 11 என்று எண் தாவியபோது, பழைய எஸ்டிகே (நிரல் உருவாக்கும் கருவித்தொகுப்பு) கொண்டு கட்டிய நிரல்களுக்கு ஆப்பிள் 10.16 என்று சொல்ல வைத்தது. உங்கள் பைத்தான் அப்படிக் கட்டப்பட்டதாக இருக்கும். சிஸ்டம் வெர்ஷன் காம்பேட் என்ற சூழல் மாறிக்கு 0 கொடுத்து, பதிப்பைக் காட்டும் எஸ்டபிள்யூ-வெர்ஸ் கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். உண்மையான எண் வரும்.

எண்களைச் சரங்களாக, அதாவது வெறும் எழுத்துத் தொடர்களாக, ஒப்பிடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் 10.9, 10.10-ஐ விடப் பெரிதாகிவிடும். புள்ளியில் பிரித்து முழு எண்களாக ஒப்பிடுங்கள்.

நிறுவிநிரல் எழுதுபவன்:
லினக்ஸில் உங்களுக்கு இப்போது வருவது கர்னலின், அதாவது இயங்குதள உட்கருவின், எண். லினக்ஸ் வகை உபுண்டுவா டெபியனா என்பதை அது சொல்லாது. ஈடிசி அடைவில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் ஐடி (வகையின் பெயர்), வெர்ஷன்-ஐடி (அதன் பதிப்பு எண்) இரண்டையும் படியுங்கள். ஆர்ச் போன்றவற்றில் வெர்ஷன்-ஐடி இருக்காது. அதற்காக நிரல் விழுந்துவிடக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள்: பட்டியலில் ‘விண்டோஸ் 11’ என்ற பெயரை மட்டும் எழுதாமல், கிடைத்த பில்டு எண்ணையும் அப்படியே சேமியுங்கள். பெயரை எப்போது வேண்டுமானாலும் எண்ணிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். எண் இல்லையென்றால் மறுபடியும் 112 கணினிகளுக்கும் நடக்க வேண்டும்.

ஆய்வகப் பொறுப்பாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை மீண்டும் ஓட்டினேன். விண்டோஸ் 11 நாற்பது, விண்டோஸ் 10 நாற்பத்தைந்து, விண்டோஸ் 7 ஆறு, சர்வர் ஒன்று. முதலில் நாற்பத்தொன்று என்று வந்து திகைத்தேன். புராடக்ட் டைப்பைச் சேர்த்ததும் அந்த ஒன்று மாடி அறையிலுள்ள சர்வர் என்று தெரிந்தது. 10.16 என்ற மேக் உண்மையில் 12.7. பில்டு எண்களோடு பட்டியலை நாளைக் காலை முதல்வரிடம் கொடுக்கிறேன்.