டபுள் பிளைண்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செ. | திங்கள், காலை 8.40

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம்.

'ஆய்வு முறைகள்' என்று முதலாண்டுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கலை, செவிலியம், வானியல், வேளாண்மை என நான்கு துறை மாணவர்களுக்கும் ஒரே புத்தகம். டபுள் பிளைண்ட் என்ற சொல் நான்கு பகுதியிலும் வருகிறது. மருத்துவத்தில், எது மருந்து, எது வெறும் மாவு மாத்திரை என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. கலைத்துறை ஆய்விதழில், கட்டுரையை எழுதியது யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது. மதிப்பிட்டது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. வயலில், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மதிப்பெண் போடுபவருக்குத் தெரியாது. வானியலில் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கும் இதே ஏற்பாடு.

'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு துறைக்கும் பொருந்தும் ஒரே சொல் வேண்டும். வெள்ளி மாலை கோப்பு போகவேண்டும்.


நா. | திங்கள், காலை 9.15

குருட்டு வேண்டவே வேண்டாம். குருட்டாம்போக்கு, குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம் என்று நம்மிடம் அந்த அடைமொழி வருகிற இடமெல்லாம் யோசிக்காமல் செய்வதைத்தான் குறிக்கிறது. இதுவோ ஆறு மாதம் யோசித்துத் திட்டமிடும் சோதனை.

என் பரிந்துரை: இருமறைப்பு ஆய்வு. ஒருமறைப்பு, இருமறைப்பு, மும்மறைப்பு என்று அழகாக அடுக்கலாம்.


கொ. | திங்கள், காலை 9.52

> இருமறைப்பு ஆய்வு

நா. சார், மறைப்பு எங்கள் சொல். நிலா ஒரு விண்மீனுக்கு முன்னால் வந்து நின்றால் அதற்குப் பெயர் மறைப்பு. வானியல் பகுதியில் 'இருமறைப்பு' என்று போட்டால், நிலா இரண்டு விண்மீன்களை மறைத்ததா என்று பையன்கள் கேட்பார்கள். 'மறைவு' என்று மாற்றினால் இரங்கல் செய்தி ஆகிவிடும். 'மறை' என்று சுருக்கினால் வேதம்.

இன்னொரு தகவல். ஹபிள் தொலைநோக்கிக்கு வரும் விண்ணப்பங்களில் 2018 முதல் பெயரை நீக்கிவிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். 'யார் கேட்கிறார்' என்ற பேச்சு குழுவில் எழவே கூடாது என்பது நோக்கம். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்று முந்தியது. சொல்ல வந்தது அதுவல்ல. அவர்கள் அதை 'பிளைண்ட்' என்று சொல்வதில்லை, 'டூயல் அனானிமஸ்' (இருபக்கமும் பெயரறியாதது) என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே கைவிட ஆரம்பித்துவிட்ட உருவகத்துக்கு நாம் தமிழில் மெனக்கெடுகிறோம்.


ம. | திங்கள், காலை 10.05

மூடாய்வு? மூடி வைத்துச் செய்யும் ஆய்வு.


ப. | திங்கள், காலை 10.31

தம்பி, வேளாண்மையில் மூடாக்கு என்றால் செடியின் அடியில் வைக்கோல், சருகு பரப்புவது. மூடாய்வு என்றால் எங்கள் மாணவன் சருகு அள்ளப் போய்விடுவான். அதோடு 'மூட ஆய்வு' என்று படிக்கிறவர்களும் இருப்பார்கள். சில ஆய்வுகளுக்கு அது பொருந்தும், அது வேறு விஷயம்.

சொல்லை விடுங்கள், எனக்கு வேறு பிரச்சினை. வயலில் மறைப்பதே பாதி நேரம் நடக்காது. யூரியா போட்ட பாத்தி சில நாளில் கரும்பச்சையாக நின்று தானே காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சகவ்யம் தெளித்ததை வரப்பில் ஏறும்போதே மூக்கு சொல்லிவிடும். நோய்த் தாக்கத்துக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஆளுக்கு எந்தக் குறியீடு கொடுத்து என்ன பயன்? அரிசி ரகங்களைச் சமைத்துச் சுவைக்கச் சொல்லும்போது மட்டும் ஒழுங்காக நடக்கிறது. தட்டுக்கு ஒரு மூன்று இலக்க எண், அவ்வளவுதான்.


புலவர் இரா. | திங்கள், பிற்பகல் 3.20

அன்புடையீர்,

காலையிலிருந்து மடல்களைப் படித்து வருந்தினேன். கையில் வெண்ணெய் இருக்கிறது, நெய்க்கு அலைகிறோம். 'கர' என்னும் வினையடி இருக்கிறதே! கரத்தல் என்றால் ஒளித்தல். கரவு, கரப்பு, கரந்தான் என விரியும். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்பதை அறியாதார் இக்குழுவில் இல்லை. களவைக் குறிக்கக் கரவடம் என்ற சொல்லும் உண்டு.

இன்னும் கேளுங்கள். சித்திரகவியில் ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகளை ஒளித்துவைப்பது கரந்துறை பாட்டு. சோதிடத்தில் கண்ணுக்குப் புலப்படாத உபகோள்கள் கரந்துறை கோள்கள். ஆகக் கலைக்கும் வானத்துக்கும் ஏற்கெனவே இச்சொல் உண்டு. மருத்துவத்தில் தோல் நோயான கரப்பான். பயிர் நிலத்தில் கரந்தைச் செடி. செ. கேட்ட நான்கு துறையும் ஒரே வேரில் நிற்பதாகவே எனக்குப் படுகிறது!

எனவே: கரந்துறை ஆய்வு. இரட்டையெனில் இருகரவாய்வு.

(ஒளித்தல் என்பதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் உண்டு. 'ஒளி' என்பது வெளிச்சத்தையும் குறிக்கும், ஒளிப்பதையும் குறிக்கும். ஒரே சொல் எப்படி இரண்டு எதிரெதிர்ப் பொருளைத் தாங்குகிறது என்பது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.)


சு. | திங்கள், மாலை 6.02

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் செவிலியர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். கரப்பு என்ற உடனே வகுப்பில் ஒருவருக்குப் பூச்சி நினைவு வரும், இன்னொருவருக்குக் குழந்தையின் சொறி நினைவு வரும். சோதிடத்தில் இருக்கும் சொல்லை மருந்துச் சோதனைக்கு வைத்தால் மருந்தை யார் நம்புவார்கள்?

நீங்கள் எல்லோரும் பாடநூலை நினைத்துப் பேசுகிறீர்கள். இந்தச் சொல் பிறகு ஒப்புதல் படிவத்துக்குப் போகும். வார்டில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவுக்கு அதை நான் வாசித்துக் காட்டவேண்டும். நான் இதுவரை சொல்லிவந்தது இதுதான்: "உங்களுக்கு எந்த மாத்திரைன்னு உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது." உடனே வரும் கேள்வி: "டாக்டருக்கே தெரியாதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் முழு ஆய்வு முறையும் விளங்கிவிடும். அந்தக் கேள்வி எழவே விடாத சொல் எனக்கு வேண்டாம்.

மறைக்க முடியாத இடங்கள் எங்களுக்கும் உண்டு, ப. சார். 1950களில் சென்னை சேத்துப்பட்டில் காசநோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்துப் பார்த்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் முடிவு வெளியானது. நல்ல மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டில் இருப்பவரும் ஏறத்தாழ அதே அளவு குணமாவார் என்று தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு. ஆனால் வீட்டில் படுத்திருப்பவருக்குத் தான் வீட்டில் இருப்பது தெரியாமல் எப்படிச் செய்வது?


நா. | திங்கள், மாலை 6.40

> 'காக்கை கரவா கரைந்துண்ணும்'

அந்தக் குறளே கரவாமல் இருப்பதைத்தானே புகழ்கிறது, ஐயா?


புலவர் இரா. | திங்கள், மாலை 6.58

சொல்லின் வேரைக் காட்டினேன். காக்கைக்கு நான் வக்கீல் அல்ல.


த. | செவ்வாய், காலை 7.30

இசை ஆய்வுப் பக்கத்திலிருந்து ஒன்று. 2010இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிசில் வயலின் கலைஞர்கள் 21 பேரிடம் ஆறு வயலின்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை, அவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ் என்ற புகழ்பெற்ற இத்தாலிய வயலின்கள். வெல்டிங் வேலைக்குப் போடும் கண்ணாடியைக் கலைஞர்களுக்கு மாட்டி, அறையை இருட்டாக்கி, பழைய மரத்தின் வாசம் காட்டிக்கொடுக்கும் என்று வயலினில் மோவாயைப் பதிக்கும் கட்டையின் அடியில் கொஞ்சம் வாசனைத் திரவியமும் தடவினார்கள். பெரும்பாலோருக்கு எது பழையது என்று சொல்ல முடியவில்லை. மொத்தத்தில் அதிகம் ஒதுக்கப்பட்ட வயலின் ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்.

இதற்கு முன்னோடி 1784இல் பாரிசில். காந்த சக்தியால் நோய் தீர்க்கிறோம் என்ற கூட்டத்தைச் சோதிக்க பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் 'காந்தம் ஏற்றி', பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். ஆகவே 'பிளைண்ட்' தொடக்கத்தில் உருவகமே இல்லை, உண்மையான துணிக்கட்டு. கண்கட்டு ஆய்வு என்று சொல்லலாமே? இருகண்கட்டு?


ப. | செவ்வாய், காலை 7.44

அந்த வாசனைத் திரவியம் என்ன என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். பஞ்சகவ்யத்துக்கு வேண்டும்.


கொ. | செவ்வாய், காலை 8.10

கண்கட்டு வித்தை என்றால் ஏமாற்று. 'இருகண்கட்டு' என்றால் இரண்டு கண்ணையும் கட்டியது. ஒற்றைக் கண்கட்டு என்றால் ஒரு கண்ணை மட்டும் கட்டியதா?


வே. | செவ்வாய், இரவு 9.25

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இந்த மடல்களைத் திரைவாசிப்பான்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறது ('கரந்துறை'யை அது மிக மோசமாக உச்சரிக்கிறது).

குருட்டு என்ற சொல் என்னைப் புண்படுத்துமே என்று சிலர் தனி மடலில் கேட்டீர்கள். நன்றி. அதைவிட, அந்தச் சொல் தவறாக இருக்கிறது என்பதுதான் என் புகார். என் மாத்திரைகளை நான் விரலால் பிரிப்பேன். வடிவம், கோடு, அட்டையின் சரசரப்பு. மாவு மாத்திரையை நிறத்தில் மட்டும் ஒத்துப்போகச் செய்து என்னிடம் தந்தால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவேன். வயலின் ஆய்வில் வாசனை தடவியதும் அதனால்தான். பார்வையைத் தடுத்தால் தகவல் நின்றுவிடும் என்பது பார்வை உள்ளவர்களின் நினைப்பு.

ஆகவே கண்ணையும் விடுங்கள், மறைப்பையும் விடுங்கள். எதை வைத்து மறைத்தார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். மாறாதது ஒன்றுதான்: யாருக்கு எது தெரியாது. சு. அம்மா வார்டில் சொல்வதும் அதுவே. இருவரறியா ஆய்வு. ஒருவரறியா, மூவரறியா. கணக்குப் போடுகிற புள்ளியியலாளருக்கும் தெரியாவிட்டால் அது மூவரறியா.


சு. | செவ்வாய், இரவு 9.41

எனக்குச் சரி. நாளை காலையே வார்டில் சொல்லிப் பார்க்கிறேன்.


புலவர் இரா. | புதன், காலை 5.50

வே. அவர்களின் மடல் நெஞ்சைத் தொட்டது. இலக்கணம் நெஞ்சைப் பார்ப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

அறியா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒப்புகிறேன். ஆனால் நன்னூலார் வினையெச்ச வாய்பாடுகளைச் 'செய்து, செய்பு, செய்யா, செய்யூ' என்று அடுக்குகிறார். அங்கே 'செய்யா' என்பது 'செய்து' என்னும் உடன்பாட்டுப் பொருள் தருவது. 'உண்ணா வந்தான்' என்றால் உண்டு வந்தான். அவ்வழியில் 'இருவர் அறியா' என்றால் இருவரும் அறிந்து என்றாகும். தேர்வுத்தாளில் ஒரு மாணவன் இவ்வாறு பொருள் எழுதினால் அவனுக்கு மதிப்பெண் தராமல் இருக்க முடியுமா?


நா. | புதன், காலை 8.02

ஐயா, செவிலியர் முதலாண்டில் செய்யா என்னும் வாய்பாட்டை வைத்து அப்படி எழுதும் மாணவி கிடைத்தால் அவளுக்கு நானே பரிசு தருகிறேன். அறியாப் பிள்ளை என்று ஊரே சொல்கிறது. யாராவது 'அறிந்த பிள்ளை' என்று புரிந்துகொள்கிறார்களா?


த. | புதன், காலை 8.30

எனக்கு ஒரு தயக்கம். இருவர் அறியா என்றால் களவொழுக்கம் போல இருக்கிறது. குறுந்தொகையில் தலைவி 'யாரும் இல்லை, தானே கள்வன்' என்று சொல்லிவிட்டு, ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு நாரை மட்டும் இருந்தது என்கிறாள் இல்லையா? எதுவும் தெரியாமல் பக்கத்தில் நிற்கும் பார்வையாளர்! சரி, இதற்கும் செ.வின் காலக்கெடுவுக்கும் சம்பந்தமில்லை.


கொ. | புதன், மாலை 4.15

இருவரறியா எனக்கு முக்கால்வாசி சரி. விண்ணப்ப மதிப்பீட்டில் மறைப்பது பெயரை. ஆகவே அங்கே 'இருவர் பெயரறியா மதிப்பீடு' என்று ஒரு சொல் கூட்டவேண்டும். ஒரே சொல் என்ற நிபந்தனை அங்கே கொஞ்சம் வளையும்.

மறைத்ததை வெளியிடும் கட்டத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஈர்ப்பலையைத் தேடும் லைகோ ஆய்வகத்தில் 2010 செப்டம்பரில், மிகச் சிலர் மட்டும் அறிய, பொய்ச் சமிக்ஞை ஒன்றைக் கருவிக்குள் செலுத்தினார்கள். பெருநாய் விண்மீன் குழுவின் பக்கமிருந்து வந்ததுபோல் தெரிந்ததால் அதற்குப் 'பெரிய நாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அலசி, ஆய்வுக் கட்டுரையும் எழுதி முடித்து, 2011 மார்ச்சில் எல்லோர் முன்னிலையிலும் உறையைத் திறந்தார்கள். நாங்கள் வைத்ததுதான் என்று உள்ளே இருந்தது. உறைதிறப்பு என்று வைக்கலாமா?


சு. | புதன், மாலை 4.20

உறைதிறப்பு அருமை. மருந்தால் நோயாளிக்கு ஆபத்து என்றால் அவருக்கு மட்டும் நடுவிலேயே பிரித்துப் பார்ப்போம். அது அவசர உறைதிறப்பு.


ப. | புதன், மாலை 4.33

உறை என்றால் எங்கள் வீட்டில் மோர். ஆனாலும் ஓட்டு உண்டு.


செ. | வெள்ளி, பிற்பகல் 2.10

யாரும் கேட்காத உறைதிறப்புக்கு ஒருவர்கூட எதிர்ப்பில்லை. கேட்ட சொல்லுக்கு இன்று காலை வரை இருவரறியா: ஆறு. இருமறைப்பு: ஒன்று (நா. சார் அல்ல, அவர் மாறிவிட்டார். இது ம.வின் ஓட்டு). கரந்துறை: ஒன்று. கண்கட்டு என்று சொன்ன த., அதற்கும் இருவரறியாவுக்கும் அரை அரை என்கிறார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இருவரறியா என்றே போட்டு அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் முறை வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் டபுள் பிளைண்ட் என்றும் இருக்கவேண்டுமாம். குருட்டு என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. மருத்துவப் பகுதியிலிருந்து ஒரு வரியைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

> இருவரறியா சோதனையில் மருந்து எது என்பது நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்கப்படாது.


புலவர் இரா. | வெள்ளி, பிற்பகல் 2.31

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஒளி பற்றிய தனி மடல் ஞாயிறன்று வரும்.

இருவரறியாச் சோதனை. ச் விட்டுப்போயிருக்கிறது. கோப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை அல்லவா?