பாரிஸின் சிறிய வெண்கலச் சுதந்திர தேவி: வெறும் நகலா?

கேள்வி:
2021இல் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் சென்ற, மூன்று மீட்டருக்கும் குறைந்த உயரமுடைய வெண்கலச் சுதந்திர தேவி, நியூயார்க் சிலையைப் பார்த்துச் சுருக்கிச் செய்யப்பட்டதுதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இல்லை ஐயா, வரிசை நேர்மாறானது. சிற்பி பர்த்தோல்டி 1878இல் உருவாக்கிய பிளாஸ்டர் மாதிரியே முந்தியது. 1886இல் திறக்கப்பட்ட 46 மீட்டர் சிலை அவ்வடிவத்தின் பெருக்கமே. நீங்கள் குறிப்பிடும் வெண்கலம் அந்த மாதிரியிலிருந்து 2009இல் வார்க்கப்பட்டது.

மறுமொழி 2:
செய்முறையும் வேறு. நியூயார்க் சிலை, மெல்லிய செப்புத் தகடுகளை மர அச்சுகளின்மேல் அடித்து வளைத்து, பொறியாளர் ஈபெல் வடிவமைத்த இரும்புச் சட்டகத்தில் பொருத்தியது. சிறியதோ வார்ப்பு. ஆகவே ஆடை மடிப்புகளிலும் முகத்திலும் சிற்பியின் கைவண்ணத்தை நெருங்கிக் காண்பதற்குச் சிறியதே மேலானது என்பது என் உறுதியான கருத்து. பெருஞ்சிலையின் காலடியில் அறுந்து கிடக்கும் சங்கிலியோ கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டுவதேயில்லை.

மறுமொழி 3:
பாரிஸ் செல்வோர் கவனத்திற்கு: லக்சம்பர்க் பூங்காவில் 1906இல் வைக்கப்பட்ட, பர்த்தோல்டியின் மற்றொரு வெண்கலச் சுதந்திர தேவி இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது, பூங்காவில் நிற்பது அதன் நகல்.