புதுப்பிப்பு: பின் டியூப் வால்வு கிழிந்த கதை

இரண்டு மாதம் முன்பு புலம்பியிருந்தேனே, ராயக்கோட்டைப் பக்கம் பைக்கில் பாறை ஏறிப் பழகும்போது பின் டியூபின் வால்வு அடியோடு கிழிகிறது, மூன்று வாரத்தில் இரண்டு டியூப் போச்சு என்று. காரணம் தெரிந்துவிட்டது, தப்பு என்னுடையதுதான். ட்ரயல்ஸ் (கால் ஊன்றாமல் பாறை, மேடு ஏறும் போட்டி) பைக்கில் பின் சக்கரத்துக்கு 4, 5 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும் என்று படித்துவிட்டு, அது டியூப்லெஸ் டயருக்கான கணக்கு, என்னுடையது டியூப் போட்ட பழைய 150 சிசி என்று யோசிக்காமல் காற்றை இறக்கிவிட்டேன். கிளட்சை விட்டதும் ரிம் சுற்றுகிறது, டயர் பாறையைப் பிடித்து நிற்கிறது, நடுவில் மாட்டிய டியூப் இழுபடுகிறது. கிருஷ்ணகிரி பஞ்சர் கடை அண்ணன் சாய்ந்து நின்ற வால்வைப் பார்த்ததுமே "டயர் நகருது தம்பி" என்றார்.

ரிம்மில் துளை போட்டு, டயர் நகராமல் ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் மாட்டினோம். காற்று இப்போது 8 பிஎஸ்ஐ. வால்வு நட்டை ரிம்மோடு முறுக்காமல் மூடிப் பக்கம் ஏற்றி வைத்திருக்கிறேன், இனி வால்வு சாய்ந்தால் கிழியும் முன்பே கண்ணில் படும். நான்கு ஞாயிறு ஆச்சு, அதே டியூப்தான். ரோட்டுக்கு வரும் முன் காற்று நிரப்ப ஒருமுறை மறந்து, வளைவில் பைக் பாம்பு மாதிரி நெளிந்தது தனிக்கதை.

அப்புறம், ட்ரயல்ஸ் போட்டியின் புள்ளிக் கணக்கு கேட்டவருக்கு: ஒவ்வொரு செக்‌ஷனிலும், அதாவது எல்லை போட்டுப் பிரித்த தடைப் பகுதியிலும், கால் ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை 2, அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. குறைவாக வாங்கியவர்தான் ஜெயித்தவர். சுண்ணாம்புக் கோடு போட்டு நாங்கள் வைத்த ஆறு செக்‌ஷனில் எனக்கு 19. சிரிக்காதீர்கள், முதல் ஞாயிறு 30.