பள்ளத்தூரில் தனியாக இருக்கும் அப்பத்தாவை வீட்டுக்கே வந்து பார்க்க ஆள் கிடைப்பார்களா?

பள்ளத்தூர்ப் பேத்தி:
அப்பத்தாவுக்கு 81 வயது, பிபி, சுகர் இரண்டும் உண்டு. ஐயா, எங்கள் தாத்தா, போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, அதிலிருந்து அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறார், நாங்கள் எல்லோரும் சென்னையில், எத்தனை கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார். போன மாதம் விடிகாலையில் எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போனவர் கண் இருட்டி நிலைப்படியில் விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. நான் போய்ப் பார்த்தால் மாத்திரை டப்பா கணக்காகக் காலியாகியிருக்கிறது, பானையில் முந்தின நாள் சோறு அப்படியே கிடக்கிறது. மனசு கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அந்தப் பானைதான் எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. சுகர் மாத்திரையில் சிலதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதோடு பிபி மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிஷம் கழித்து இன்னொரு தடவை பிபி பாருங்கள். மேல் அளவு 20ஓ அதற்கு மேலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆள் விஷயத்துக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிபி, சுகர் பார்த்து மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.

கானாடுகாத்தான்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் வருகிறவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார், மிச்ச நாளெல்லாம் யார் இருக்கிறார்கள்? எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சமைத்து வைக்க ஆள் போட்டோம், அப்பவும் தட்டு தொடாமலே கிடந்தது. அப்புறம் அடுத்த வீட்டு ஆச்சியைக் கெஞ்சிக் கேட்டோம், ராத்திரி இரண்டு பேரும் கூடத்துப் பட்டாலையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று. ஒரே வாரத்தில் ஆயா இட்லிக்கு அரிசி கூட ஊறப்போட ஆரம்பித்துவிட்டார். நம் வீடுகளில் நிலைப்படி உயரம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் பட்டால் வழுக்கும், அதனால் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ராத்திரி விளக்கு எரியட்டும், சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 வரை பேசலாம்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
நேற்று ஊருக்கு வந்து பார்த்தேன், நின்றதும் 26 இறங்குகிறது. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார், சுகாதார நிலையத்திலும் பெயர் கொடுத்தாயிற்று. எதிர்வீட்டு ஆச்சியிடம் கேட்கத் தயங்கித் தயங்கித்தான் போனேன், அவரும் தனியாகத்தான் சாப்பிடுகிறாராம். இன்றைக்கு ராத்திரி இங்கேதான் இரண்டு பேருக்கும் இலை.