சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ்: அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுகிறது, உதவுங்கள்

காட்பாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுக்கிறார். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 160ஐத் தாண்டாது. மூன்று வாரம் முன்பு பேரனுக்காக வாங்கிய ஃப்ரோசன் ஃப்ரைஸ் அவருக்கும் பிடித்துப்போனது. அதைச் சாப்பிட்ட நாட்களில் மட்டும் 210, 220 காட்டுகிறது.

எண்ணெயில் பொரிக்காமல் ஏர் ஃப்ரையரில் செய்தேன். அப்புறம் அளவை ஒரு கைப்பிடியாகக் குறைத்தேன், முதலில் வெள்ளரிக்காய் கொடுத்தேன். பெரிய மாற்றமில்லை.

பாக்கெட்டில் 85 கிராமுக்கு 150 கலோரி, மாவுச்சத்து 24 கிராம், நார்ச்சத்து 3 கிராம் என்று போட்டிருக்கிறது. பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கே சுமார் 86 கலோரி, மாவுச்சத்து 20 கிராம்தான். சேர்மானத்தில் எண்ணெய், அரிசி மாவு, ஸ்டார்ச் எல்லாம் இருக்கின்றன. இங்கே மார்க்கெட்டில் எனக்குக் கிடைப்பது வெள்ளைக் கிழங்கு. பாக்கெட்டில் இருப்பது ஆரஞ்சு, பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) அதிகம். அதனால்தான் அடியோடு நிறுத்த மனம் வரவில்லை. டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் முறை.

உணவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்: சர்க்கரையை ஏற்றுவது அந்த மேல்பூச்சு மாவா, இல்லை கிழங்கை வேகவைக்காமல் சூட்டில் வறுப்பதா?