புதுப்பிப்பு: கடலூர் ஆர்15, டிராக்குக்குத் தயார்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட என் யமஹா ஆர்15 பைக்கை எப்படித் தயார் செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலை ஏறக்குறைய முடிந்தது.

அதிகம் இழுத்தடித்தது இன்ஜின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்தான். கழலாமல் கம்பி கோத்துக் கட்ட அதன் தலையில் துளை போடக் கேட்டதும், முதுநகர் லேத் அண்ணன் "நல்ல போல்ட்டை எதுக்குத் தம்பி கெடுக்கிற?" என்றார். அது கழன்றால் ஆயில் பின் டயரில் கொட்டும், பின்னால் வருபவரும் சேர்ந்து விழுவார் என்று விளக்கிய பிறகு பொறுமையாகப் போட்டுக்கொடுத்தார். கம்பியை முறுக்கிக் கட்டும்போது அது போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியாச்சு. கூலன்ட்டில் உள்ள கிளைகால் தரையில் சிந்தினால் வழுக்கும், லேசில் காயாது. உறைந்துபோகும் பயம் நம்ம ஊரில் ஏது! திரும்பி வந்ததும் மறுபடி கூலன்ட்தான், இல்லாவிட்டால் உள்ளே துரு.

துரு என்றதும் பிரேக். கடற்காற்றில், பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பின்கள் இறுகிக் கிடந்தன. தேய்த்துச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் வைத்தோம். பிரேக் ஆயிலும் புதிது. டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். கொதித்துவிட்டால் லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது.

மிரர், நம்பர் பிளேட் கழற்றியாச்சு, விளக்குகளுக்கு டேப். அதனால் பயணம் டாடா ஏஸில். சைலன்சர் மாற்றச் சொன்ன தம்பிகளே, அந்தக் காசு கையுறைக்குப் போய்விட்டது. டயர் காற்று மட்டும் பாக்கி. அங்கே ஓட்டிச் சூடான பிறகு அளந்து சரிசெய்வேன்.